ஸ்டீலை வெட்டினப்புறம் எதுக்குய்யா சிமுலேஷன்?

எங்க மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்துச் சுரங்கத்துல, முதல்ல துளை போட்டு அடியில என்ன இருக்குன்னு பார்ப்பாங்க. கீழே இருக்கிற தண்ணியோட அழுத்தத்தையும் பம்பு போட்டுக் குறைப்பாங்க. பார்க்காம யாரும் நிலக்கரி தோண்டறதில்ல.

ஆனா நான் பார்த்த பிளாஸ்டிக் மோல்டு கடைகள்ல? முதல்ல ஸ்டீலை வெட்டிடுவாங்க. ட்ரையல்ல பீஸ் வளைஞ்சு வந்தா ஆபரேட்டருக்குத் திட்டு. அப்புறம் கேட்டை வெல்டிங் வச்சு அடைச்சு, வேற இடத்துல தொறப்பாங்க. கடைசியில சிமுலேஷன், அதுவும் கஸ்டமருக்குக் கலர் படம் காட்ட!

இது ஒண்ணும் புது வித்தை இல்லீங்க. ஆஸ்திரேலியாவுல காலின் ஆஸ்டின் மோல்டுஃப்ளோ ஆரம்பிச்சது 1978ல. மோல்டு டிசைன் சொல்லிக்கொடுக்கிற சிப்பெட் நம்ம கிண்டியில வந்தது அதுக்கும் முன்னாடி, 1968ல.

'இருபது வருஷ அனுபவம் போதும்'பாங்க. மதிக்கிறேன். ஆனா மூடின மோல்டுக்குள்ள உருகின பிளாஸ்டிக் ரெண்டு பக்கமா வந்து எங்க ஒட்டுது, காத்து எங்க மாட்டுதுன்னு எந்தக் கண்ணுக்குத் தெரியும்? சுவர் தடிமன் ரெண்டு மடங்கானா, ஆறுறதுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு நேரம். ஒவ்வொரு ஷாட்டுலயும் அந்த நஷ்டம் தொடரும். ஸ்கிரீன்ல மாத்த மவுஸ் போதும், ஸ்டீல்ல மாத்தக் காசு வேணும்.

சாஃப்ட்வேரும் சாமி இல்ல. மெட்டீரியல் கிரேடைத் தப்பாக் கொடுத்தா தப்பாத்தான் சொல்லும். அதுக்குத்தான் அந்த அனுபவஸ்தர் பக்கத்துல உட்காரணும்.

முதலாளிகளே, கேட் எங்கன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க. ஆபரேட்டரைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம்.