கடுகு என்று சொல்லாதேங்கோ

2025 செப்டெம்பர் 13 இரவு லாஸ் வேகஸில் டெரன்ஸ் குரோஃபோர்ட் கனெலோ அல்வாரெஸை வென்றபோது எங்களுக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. போர்டிங் அறை ஒன்றில் ஒரு லப்டொப்பைச் சுற்றி ஆறு பேர். புள்ளிகளை வாசித்து முடிய முதலே ஒருவன் சொன்னான், "இப்பதான் மச்சான் இவனைப் பெரிய ஆள் எண்டு ஒத்துக்கொள்ளலாம்." இன்னொருவன் அதுக்கும் மேலே போனான். "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஹெவிவெயிட்காரன் ஒண்டு போட்டா முடிஞ்சுது." கடைசியில் சமாதானம் செய்கிற மாதிரி மூன்றாவது ஆள் பழமொழியை எடுத்துவிட்டான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதாம். அதோடு சபை கலைந்தது.

மூன்று பேச்சையும் நாங்கள் மறுக்கிறோம். கூடக் கோபம் வருவது மூன்றாவதில்தான். அது பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது இரக்கம். "சின்ன ஆள்தான், ஆனாலும் பரவாயில்லை" என்பதுதான் அதன் அர்த்தம்.

ஹெவிவெயிட் கதையை முதலில் முடித்துவிடலாம். ஓம், மைக் டைசன் 105 இறாத்தல்காரனை அடித்தால் அவன் விழுவான். எருமை முட்டினாலும்தான் விழுவான், அதுக்காக எருமைக்கு யாரும் பெல்ட் கட்டிவிடுவதில்லை. 1909 இல் லண்டனின் நாஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு நிறைப்பிரிவுகளை வகுத்ததே உடம்பின் பருமனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். அந்த மிச்சத்துக்குத்தான் திறமை என்று பெயர். எடுத்துப்போட்டதைத் திரும்பக் கொண்டுவந்து கணக்கில் சேர்க்கிற ஆளோடு மேலே கதைக்க ஒன்றுமில்லை.

கொஞ்சம் படித்த ஆட்களின் பிழை வேறு. அவர்கள் இறாத்தலுக்கு இறாத்தல் ஒப்பிடுகிறவர்கள். சுகர் றே றொபின்சன் காலத்தில் இந்தப் பேச்சு பெரிதாகப் பரவியது. எல்லாரும் ஒரே பருமனாக இருந்தால் யார் வெல்லுவான் என்பதுதான் கேள்வி. கேட்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் இறாத்தல் கணக்கில் கூட்டிக் குறைக்கலாம் என்றால் அது பாண். மனிச உடம்பு அப்படி இல்லை. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தசையின் பலம் நான்கு மடங்குதான் ஆகும், நிறையோ எட்டு மடங்கு. ஊதிப் பெருப்பித்த ஒரு ஃபிளைவெயிட் வீரன் பழைய காலடியை எடுத்துவைக்கவே மாட்டான். முகமது அலியைப் பாருங்கள். கைகளைத் தொங்கப்போட்டு, அடி வரும்போது தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார். எந்தப் பயிற்சியாளரும் சின்னப் பெடியனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார். ஆறடி மூன்று அங்குலமும், தன் பருமனில் யாருக்கும் இல்லாத கால்களும் இருந்தபடியால் அவருக்கு அது சரிவந்தது. 1971 இல் ஜோ ஃபிரேசியரின் இடது ஹூக் 15ஆம் சுற்றில் அவரைத் தரையில் போட்டது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நான்கைந்து அடி வருகிற 112 இறாத்தல் பிரிவில் அந்தச் சாய்வு ஒரு சுற்றுக்காவது தாக்குப்பிடிக்குமா? இது அலிக்குக் குறை இல்லை. திறமை என்பது ஒரு போத்தலிலிருந்து இன்னொரு போத்தலுக்கு ஊற்றுகிற தண்ணி இல்லை, அவ்வளவுதான்.

பெடியளின் பட்டியல்களுக்கும் பெரிய சஞ்சிகைகளின் பட்டியல்களுக்கும் இது தெரியும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். யார் கூடப் பிரிவு ஏறினானோ அவன் பெரியவன். எங்கட சண்டை இதோடுதான்.

ஏறுவது சும்மா விசயம் என்று நாங்கள் சொல்லவில்லை. லைட்வெயிட்டில் முதல் பட்டம் எடுத்த றொபேர்ட்டோ டுரான் 1989 இல், 37 வயதில், தன்னைவிட அரை அடி உயரமான ஐரன் பார்க்லியிடமிருந்து மிடில்வெயிட் பட்டத்தைப் பிடுங்கினார். 2024 மே மாதம் றியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக் தன்னைவிடக் கிட்டத்தட்ட 40 இறாத்தல் கூடின டைசன் ஃபியூரியை வென்றார். இதெல்லாம் பார்த்து வாயைப் பிளக்க வேண்டிய சண்டைகள். ஆனால் ஏறி வென்றால் திறமை நிரூபணமாகிறது என்பதிலிருந்து, ஏறாதவனுக்குத் திறமை நிரூபணமாகவில்லை என்று எப்படி வரும்? தர்க்கம் படிக்கிற முதலாம் வருடப் பிள்ளையே இந்த ஓட்டையைக் காட்டும்.

ஏற்றத்தின் விலையும் ஒரேமாதிரி இல்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் 1938 இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அப்போது பிரிவுகள் எட்டு, பிரிவுக்குப் பொதுவாக ஒரு சம்பியன். இன்று 17க்குக் குறையாத பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நாலு பெல்ட். மேனி பக்கியாவ் 2010 இல் அந்தோனியோ மார்கரிட்டோவை வென்று எட்டாவது பிரிவில் பட்டம் எடுத்தார். அந்தப் பிரிவின் எல்லை 154 இறாத்தல், ஆனால் ஒப்பந்தம் 150க்கு. சரி, பக்கியாவ் அதையும் குறைத்து 145க்குள்தான் நின்றார். முதல் நாள் நிறுத்துவிட்டுத் தண்ணியும் சாப்பாடும் எடுத்த மார்கரிட்டோ சண்டையன்று 165க்கு வந்துவிட்டார். பிறகு எந்த இறாத்தலை வைத்து ஒப்பிடுகிறீர்கள்? தராசில் ஒரு நிறை, றிங்கில் ஒரு நிறை, பெல்ட்டில் எழுதியிருக்கிறது இன்னொரு நிறை.

றொபின்சனே இதற்குச் சாட்சி. 1952 ஜூன், நியூயோர்க் யாங்கி ஸ்டேடியம். லைட் ஹெவிவெயிட் சம்பியன் ஜோய் மக்சிமுக்கு எதிராக 15 இறாத்தலுக்கு மேல் விட்டுக்கொடுத்து ஏறினார். புள்ளிகளில் அவர்தான் முன்னுக்கு. ஆனால் நடுவரே வெக்கையில் களைத்து 10ஆம் சுற்றோடு இறங்கிப்போன இரவு அது. 14ஆம் சுற்றுக்கு மணி அடித்தபோது றொபின்சனால் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. இருநூறு சண்டைகளில் அவரை முடிக்காமல் நிறுத்தியது அந்த ஒன்றுதான். பட்டியல்காரர் இதை அவர் கணக்கில் கழிப்பதில்லை. கழிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பெருந்தன்மை சின்னப் பிரிவு ஆட்களுக்குக் கிடைப்பதில்லையே.

நிகரகுவாவின் றோமன் கொன்சாலெஸ் 105இல் தொடங்கினார். 2015 இல் ஃபிளொயிட் மேவெதர் விலகியதும் 'த றிங்' சஞ்சிகை இவரை முதலாம் இடத்தில் வைத்தது. சின்னப் பிரிவில் காசு இல்லை. பெரிய சண்டை வேண்டுமென்றால் ஏறு என்பதுதான் இந்தத் தொழிலின் கட்டளை. ஏறினார். 2016 இல் 115இல் பட்டம், நான்காவது பிரிவு. 2017 மார்ச்சில் தாய்லாந்தின் ஸ்ரீசகெத் சோர் றுங்விசாயிடம் முதல் தோல்வி, அதுவரை 46 சண்டையும் வெற்றி. அந்தத் தீர்ப்பைப் பார்த்த பாதிப்பேர் அவர்தான் வென்றார் என்றார்கள். செப்டெம்பரில் மறுசண்டை, நாலாம் சுற்றில் நினைவிழந்து விழுந்தார். உடனே என்ன சொன்னார்கள்? "உப்பிடித்தான் நினைச்சனாங்கள், சின்னப் பிரிவில சும்மா ஆக்களை அடிச்சவர்தானே." பத்து இறாத்தல் மேலே ஏறி, தன்னைவிடப் பெரிய உடம்பிடம் விழுந்ததை வைத்து, கீழே அவர் செய்ததை எல்லாம் அழித்தார்கள். 2020 இல் அதே 115இல் கலீட் யாஃபாயை நிறுத்தி அவர் திரும்ப வந்தபோது அழித்ததைத் திருத்தி எழுத ஒருவரையும் காணோம்.

குரோஃபோர்டுக்கே வருவோம். கனெலோவை வென்றது சரித்திரம், மறுப்பில்லை. ஆனால் அவரின் உச்சம் அது இல்லை. உச்சம் 2023 ஜூலையில், எரோல் ஸ்பென்ஸுக்கு எதிராக. இருவரும் 147, இருவரும் தோல்வி காணாதவர்கள், இருவரும் இடக்கை நிலையில் நிற்பவர்கள். ஒளிக்க ஒரு சாட்டும் இல்லாத சண்டை. ஸ்பென்ஸின் ஜாப் கிளம்புகிற அதே கணத்தில் குரோஃபோர்டின் கை இடையில் போய் நின்றது. இரண்டாம் சுற்றில் ஒரு தடவை, ஏழாம் சுற்றில் இரண்டு தடவை தரையில், ஒன்பதாம் சுற்றில் முடிவு. சமமான எதிரியை அப்படிப் பிரித்துப்போட்டதைப் பார்த்த பிறகும், 35 வயதில் கால் மெதுவாகிப்போன பெரிய ஆளைப் புள்ளியில் வென்றால்தான் நம்புவோம் என்றால், நீங்கள் பார்த்தது பொக்சிங் இல்லை, தராசு.

எங்களுக்கு ஒப்பீடு வேண்டாம் என்று இல்லை. சமமான, நல்ல எதிரிக்கு முன்னால் தூரம் யார் கையில் இருந்தது, அடித்த பிறகு கால் எங்கே நின்றது, முதல் திட்டம் பிழைத்தால் இரண்டாவது இருந்ததா என்று பாருங்கள். இதற்கு எந்தப் பிரிவும் தடை இல்லை. அப்படிப் பார்த்தால் மெக்சிக்கோவின் றிக்கார்டோ லோபெஸைத் தாண்டிப் போக முடியாது. 52 சண்டை, 51 வெற்றி, ஒன்று சமநிலை. 105இல் எட்டு வருடமாகப் பட்டத்தை வைத்திருந்து இருபதுக்கும் மேற்பட்ட தடவை காப்பாற்றினார். கைகள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஜாபும் முன்காலும் ஒன்றாகவே வரும். இடது கையால் விலாவில் ஒன்று, அது திரும்ப முதல் அதே கையால் நாடிக்குக் கீழே இன்னொன்று. அந்த ஒரேயொரு சமநிலையைத் தந்த றொசென்டோ அல்வாரெஸ் 1998 மறுசண்டைக்கு எல்லையைத் தாண்டிய நிறையோடு வந்தார். லோபெஸ் போகவில்லை, நின்று அடித்து வென்றார். பிறகு 108க்கு ஏறி அங்கேயும் ஒரு பட்டம் எடுத்து, தோல்வியே இல்லாமல் விலகினார். பட்டியல்களில் அவரைத் தேடினால் விரல் களைக்கும்.

1990 ஒக்டோபரில் டோக்கியோவில் அவர் முதல் பட்டம் எடுத்த சண்டையை அடுத்த கிழமை அதே லப்டொப்பில் போட்டோம். ஐந்தாம் சுற்றில் தோற்ற ஹிதெயுகி ஓஹாஷியின் ஜிம்மில்தான் பிறகு நவோயா இனோவே வளர்ந்தார். ஆறு பேரும் சத்தமில்லாமல் பார்த்தார்கள். முடிந்ததும் பழமொழி சொன்ன ஆள் கேட்டான்.

"சோக்கான ஆள் மச்சான். ஆனா பெருசா மேல போகேல்லை என்ன?"