உலகின் மிகப் பெரிய மீன் எத்தனை அடி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையில் ஓயாமல் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மீது இருக்கும் பெரிய பெட்டி 40 அடி நீளம். அந்தப் பெட்டியையும் மிஞ்சும் மீன் ஒன்று கடலில் இருக்கிறது!

அதன் பெயர் திமிங்கலச் சுறா. தமிழ்நாட்டு மீனவர்கள் "அம்மணி உழுவை" என்பார்கள். திமிங்கலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி, மீன் அல்ல. இதுவோ அசல் மீன். முதுகு நிறையக் கோலப் புள்ளி வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். சிற்றுயிர்களையும் பொடி மீன்களையும் வடிகட்டித் தின்னும். ஆளைக் கடிக்காது.

1889 பிப்ரவரியில் சென்னைக் கரையில் ஒன்று ஒதுங்கியது. நீளம் 22 அடி. அன்றைய மியூசியம் அதிகாரி எட்கர் தர்ஸ்டன் அதை மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டார். இந்த இனத்தில் 22 அடி என்பது இளவட்டம்தான்!

1949 நவம்பரில் கராச்சி அருகே பிடிபட்டது 41 1/2 அடி. எடை சுமார் 21 1/2 டன்.

டேப் இல்லாத அளவு

இதைவிடப் பெரியது உண்டா? இங்கேதான் சிக்கல்.

1919-ல் சயாம் நாட்டில், மூங்கில் பட்டியில் ஒரு மீன் மாட்டியது. 60 அடி இருக்கும் என்றார்கள். ஆனால் யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமே அங்கே அளவு. நம் மீனவர்கள் "பாகம்" என்பார்களே, அதுபோல. கை நீண்டவருக்கு ஒரு கணக்கு, குட்டைக்கு ஒரு கணக்கு!

செத்த மீனின் முதுகு வளைவோடு டேப்பைப் போட்டால் நீளம் கூடிவிடும். கண்ணாடி மாட்டி நீரில் மூழ்கிப் பார்ப்பவருக்கோ எதுவும் பெரிதாகவே தெரியும்.

இப்போது வேறு வழி இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளிகளை மீன் மேல் பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். படத்தில் அந்த இடைவெளியை வைத்து முழு நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

2015-ல் விஞ்ஞானிகள் பழைய பதிவுகளைச் சலித்துப் பார்த்தார்கள். 2001-ல் அரபிக் கடலில் கிடைத்த மீனே மிகப் பெரியது என்றார்கள். 18.8 மீட்டர், ஏறக்குறைய 62 அடி.

வளர விடுகிறோமா?

62 அடி மீனை இனி பார்ப்போமா என்பதே சந்தேகம். இது மெதுவாக வளரும் ஜீவன். பாகிஸ்தானில் கிடைத்த 10 மீட்டர் மீன் ஒன்றின் முதுகெலும்பை 2020-ல் ஆராய்ந்தார்கள். வயது 50! அதற்கு மேலும் வளர எத்தனை ஆண்டு வேண்டும்?

அதற்குள் வலை வருகிறது, கப்பல் மோதுகிறது. நீர்மட்டத்தில் நிதானமாக மேயும் மீனுக்குச் சரக்குக் கப்பல் எமன். ஒரகடத்துப் பெட்டிகள் ஏறிப் போவதும் அப்படிப்பட்ட கப்பல்களில்தான். உலகில் இந்த மீன் 75 ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2016-ல் கணக்கிட்டு, அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

குஜராத் கரையில் ஒரு காலத்தில் இதை ஈரல் எண்ணெய்க்காகவே வேட்டையாடினார்கள். படகுப் பலகைக்குப் பூச அந்த எண்ணெய் உதவியது. 2001 மே மாதம் இந்திய அரசு தடை விதித்தது. புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு இதற்கும் உண்டு, கொன்றால் ஜெயில். இன்று குஜராத் மீனவர்கள் வலையை அறுத்து மீனை விடுவிக்கிறார்கள். அறுந்த வலைக்கு நஷ்ட ஈடு கொடுக்கிறார்கள்.