‘சித்தி’ வைரலானது... தீர்மானம் என்ன ஆனது?

2020 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை காலை. லாக்டௌன் காலம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வீடியோ நான்கு பேரிடமிருந்து அடுத்தடுத்து வந்து விழுந்தது.

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. துணை அதிபர் வேட்பாளராக கமலா ஹாரிஸ் பேசிய பேச்சிலிருந்து வெட்டிய சில விநாடிகள் அவை. குடும்பம் என்றால் யார் யார் என்று ஆங்கிலத்தில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ‘சித்திகள்’ என்பதை மட்டும் தமிழில் சொன்னார். அவ்வளவுதான். குரூப் முழுக்க ஹார்ட், கைத்தட்டல், ஆனந்தக் கண்ணீர் ஸ்டிக்கர்.

பள்ளிபாளையத்தில் இருக்கும் என் சித்தி உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டார். “பாரு கண்ணு, அத்தனை பெரிய மேடையில நம்ம பேரைச் சொல்லிருச்சு அந்தப் பொண்ணு!” எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ‘சின்னம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தி சரியா, சின்னம்மா சரியா என்று மதியம்வரை குரூப்பில் பட்டிமன்றமே நடந்தது.

அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. போன வாரம் அதைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. காரணமும் அதே சித்திதான்.

பிள்ளையார் சதுர்த்தி அன்றைக்கு வந்த வரி

சித்தி ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறார். கிச்சன் டவல், ஏப்ரன், மேஜை விரிப்பு எல்லாவற்றுக்கும் ஓரம் அடித்துக் கொடுக்கும் வேலை. பீஸ் கணக்கில் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளில் ஓடும் துணியில் ஒரு பகுதி ஈரோடு, கரூர் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெளிநாடு போகிறது. சித்தி ஓரம் அடித்த துண்டு அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டு அடுப்படியில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

2025 ஆகஸ்ட் 27, புதன்கிழமை. பிள்ளையார் சதுர்த்தி. வீட்டில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்த காலை ஒன்பதரை மணிக்கு, இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக ஏறியது. ஆகஸ்ட் 7-ல் முதல் 25 சதவீதம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக இந்த இரண்டாவது 25.

சனிக்கிழமை கூலி வாங்கப் போன சித்தியிடம், “அடுத்த வாரம் மூணு நாள் வந்தா போதும்கா, ஆர்டர் நிக்குது” என்றிருக்கிறார் சூப்பர்வைசர். அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது.

“ஏன் கண்ணு, நீ நியூஸ்ல தானே இருக்கே. அங்க ஒருத்தர் வரி போட்டா இங்க எனக்கு எதுக்கு நாள் குறையுது? இதை முன்கூட்டியே யாரும் சொல்லலியா?”

முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அந்த வரியைக் கட்டுபவர் அங்கே நம் சரக்கை இறக்குமதி செய்யும் வியாபாரி. நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கட்டும்போது, “விலையைக் குறை” என்று நம் ஏற்றுமதியாளரிடம் கேட்பார். முடியாது என்றால் வேறு நாட்டுக்குப் போவார். 2025 ஆகஸ்டில் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கு 19 சதவீதம்தான் இருந்தது. நமக்கு 50. அந்த வித்தியாசம் கரூர் வந்து, பள்ளிபாளையம் வந்து, கடைசியில் சித்தியின் மூன்று நாள் கூலியாக முடிந்தது.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. சொல்லியிருந்தார்கள். அதுவும் ஒரு மாநாட்டில். நாம் அந்த நேரத்தில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

மில்வாக்கியில் நாம் பார்த்ததும் பார்க்காததும்

அமெரிக்காவில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அதிபர் தேர்தலுக்கு முன்பு, இரண்டு பெரிய கட்சிகளும் நான்கு நாள் மாநாடு கூட்டும். வேட்பாளரை முறைப்படி அறிவிப்பது அங்கேதான். ‘நாங்கள் வந்தால் இதையெல்லாம் செய்வோம்’ என்று கட்சியின் கொள்கை அறிக்கையை நிறைவேற்றுவதும் அங்கேதான். நம் ஊர் கணக்கில் சொன்னால், மாநாட்டுத் தீர்மானமும் தேர்தல் அறிக்கையும் சேர்ந்த மாதிரி.

2024 ஜூலை 15 முதல் 18 வரை குடியரசுக் கட்சி மாநாடு மில்வாக்கி நகரில் நடந்தது. அதிலிருந்து நம் போன்களுக்கு என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

துப்பாக்கிச்சூட்டில் தப்பி இரண்டே நாளில் காதில் கட்டுடன் வந்த டிரம்ப். அதைப் பார்த்துத் தங்கள் காதிலும் வெள்ளைக் கட்டு ஒட்டிக்கொண்ட தொண்டர்கள். பிறகு ஜூலை 17 அன்று உஷா வான்ஸ். ஆந்திர வேர்கள் கொண்ட அவர், தன் கணவர் ஜே.டி.வான்ஸ் தனக்காகச் சைவச் சாப்பாட்டுக்குப் பழகிக்கொண்டதையும், தன் அம்மாவிடம் இந்தியச் சமையல் கற்றுக்கொண்டதையும் மேடையில் சொன்னார். தெலுங்கு ஊடகங்கள் கொண்டாடின. நம் பக்கமும் ‘மாமியாரிடம் சமையல் கற்ற மாப்பிள்ளை’ என்று ரீல்ஸ் பறந்தது.

இதே மாநாட்டின் முதல் நாள், ஜூலை 15 அன்று, 16 பக்கக் கொள்கை அறிக்கை ஒன்று நிறைவேறியது. வெளிநாட்டில் தயாராகும் பொருள்களுக்கு அடிப்படை வரி விதிப்பதை ஆதரிப்போம், பிற நாடுகள் போடும் வரிக்கு ஈடாக வரி போடும் சட்டம் கொண்டுவருவோம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தது. கடைசி நாள் டிரம்ப் ஒன்றரை மணி நேரம் பேசினார். அதிலும் வரி விஷயம் வந்தது. என் கண்ணில் பட்ட எந்த ரீல்ஸிலும் இது இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த 16 பக்கத்தை வரி விடாமல் படித்திருந்தாலும் சித்திக்கு முழுப் பதில் கிடைத்திருக்காது. முதல் 25 சதவீதத்துக்கான விதை அதில் இருந்தது. ரஷ்ய எண்ணெய்க்கான இரண்டாவது 25 அதில் இல்லை. சட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியவர்கள், அதிபரின் அவசரகால அதிகாரத்தை வைத்தே வரியைப் போட்டுவிட்டார்கள் என்பதும் அந்தத் தாளில் இல்லாதது. ஆனாலும், ‘வரி வரப்போகிறது’ என்ற எச்சரிக்கை ஒரு வருடத்துக்கு முன்பே கையில் இருந்தது.

சித்தி என்று சொன்னவர்கள் செய்தது என்ன?

‘டிரம்ப் கட்சி அப்படித்தான். நம்ம கமலா வந்திருந்தா?’ என்று அம்மா கேட்டார்.

கமலாவின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர் தர்ம சாஸ்தா கோயில் நன்கொடையாளர் பட்டியலில் கமலாவின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2010-ல் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் நின்றபோது, சென்னையில் இருந்த அவர் சித்தி பெசன்ட் நகர் பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைத்தார். 2024 ஆகஸ்ட் 22 அன்று சிகாகோ மாநாட்டில் அதிபர் வேட்பாளராகப் பேசியபோதும், 19 வயதில் தன்னந்தனியாக இந்தியாவிலிருந்து கிளம்பி வந்த அம்மா ஷியாமளாவைப் பற்றித்தான் உருகிப் பேசினார். அந்தப் பாசத்தில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால், ஏற்றுமதிக் கணக்கு வேறு. வளரும் நாடுகளுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த வரிச்சலுகைப் பட்டியலிலிருந்து 2019 ஜூன் 5 அன்று இந்தியாவை நீக்கியது டிரம்ப் அரசு. அடுத்து வந்த பைடன் - கமலா ஆட்சியின் நான்கு வருடத்திலும் அந்தச் சலுகை திரும்பக் கிடைக்கவில்லை. ஹார்ட் விட்டவர்களில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

சொந்தம் கொண்டாடுவதில் தப்பே இல்லை. தூரத்துச் சொந்தம் கல்யாண மேடையில் நம் பேரைச் சொன்னால் சந்தோஷப்பட மாட்டோமா? அந்த சந்தோஷத்திலேயே பந்தி முடித்து எழுந்து வந்துவிடுகிறோம். பத்திரிகையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

‘அங்கிள்’ க்ளிப்பை வெட்டியது நான்தான்

இதில் என் பங்கும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21 அன்று மதுரை பாரபத்தியில் தமிழக வெற்றிக் கழகத்தின் இரண்டாவது மாநில மாநாடு. டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு ஷிஃப்ட். முதல்வரை விஜய் ‘அங்கிள்’ என்று சொன்ன நொடியில், கை தானாகவே அந்த இடத்தை வெட்டியது. போட்டதும் எகிறியது. மரியாதைக் குறைவு என்று ஆளுங்கட்சியினர் கொதித்தார்கள், ரசிகர்கள் கொண்டாடினார்கள். இரண்டு நாள் அதே பேச்சு.

அதே பேச்சில் கச்சத்தீவை மீட்க வேண்டும், நீட் தேர்வை ரத்து செய்ய வேண்டும் என்று பிரதமரிடம் கோரிக்கை வைத்தார் விஜய். அதை நான் வெட்டவில்லை. 2020-ல் ஒரு ‘சித்தி’, 2025-ல் ஒரு ‘அங்கிள்’. உறவுமுறைச் சொல் வந்தாலே நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம் என்பது மேடையில் பேசுபவர்களுக்கும் தெரியும், க்ளிப் வெட்டும் எங்களுக்கும் தெரியும்.

நம் சேலத்திலும் இதேதான். 2024 ஜனவரி 21 அன்று பெத்தநாயக்கன்பாளையத்தில் தி.மு.க இளைஞரணி மாநாடு நடந்தது. பிரமாண்டப் பந்தல், ட்ரோன் காட்சி, பைபாஸில் டிராஃபிக் எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நீட் ரத்து, ஆளுநர் பதவி ஒழிப்பு, கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவருவது உட்பட அங்கே 25 தீர்மானங்கள் நிறைவேறின. அதில் ஐந்தைச் சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். மூன்றைத் தாண்டவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதே ஆகஸ்ட் 27, அதே சேலம்

தேதியைத் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது. 1944 ஆகஸ்ட் 27. சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு. பெரியார் தலைமை. வெள்ளைக்கார அரசு கொடுத்த சர், ராவ்பகதூர் போன்ற பட்டங்களைக் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும் என்பது அங்கே வந்த தீர்மானம். கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆனதும் அந்த மாநாட்டில்தான்.

பட்டத்தை விட மனமில்லாதவர்கள் உட்பட ஒரு பிரிவினர் தனியே போனார்கள். பழைய பெயரிலேயே பி.டி.ராஜன் தலைமையில் கட்சியை நடத்தினார்கள். ஒரு தாள் ஒரு கட்சியையே இரண்டாக்கியது. எண்பது வருடங்களுக்கு மேல் கழித்தும் அந்த மாநாட்டை ‘அண்ணாதுரை தீர்மானம்’ என்று தீர்மானத்தின் பெயரால்தான் சொல்கிறோம். அண்ணாவைப் போல் மேடையில் பேச இன்னொருவர் இல்லை என்று தாத்தாக்கள் சொல்வார்கள். அவருடைய மாநாட்டிலேயே பேச்சைவிட தீர்மானம்தான் நிலைத்திருக்கிறது.

அடுத்த மாநாட்டுக்கு முன்பு...

தேர்தல் என்று வந்துவிட்டால் போதும். எல்லாக் கட்சியும் பந்தல் போடும். நம் சேலம், நாமக்கல் பக்கமும் வருவார்கள். தறிக்காரர்களைப் பார்த்தால் தறி, கோழிப்பண்ணைக்காரர்களைப் பார்த்தால் முட்டை என்று பேசுவார்கள். 2025 ஜூனில்தான் நாமக்கல்லிலிருந்து சுமார் ஒரு கோடி முட்டை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அதற்கும் 2025 ஆகஸ்டில் இதே வரிதான் விழுந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். க்ளிப்பை ரசித்துவிட்டு, மறுநாள் ‘தீர்மானங்கள்’ என்று தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டு வருமானம் எதிலிருந்து வருகிறதோ, அந்தச் சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தறி, முட்டை, மரவள்ளி, லாரி, வெள்ளிக்கொலுசு என எதுவானாலும் சரி. இருந்தால், எந்தத் தேதிக்குள் யார் செய்வார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதைக் கேட்கலாம்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்யப்போகிறேன். இனி எந்த மாநாடு நடந்தாலும், வைரல் க்ளிப் போடும் அன்றே, நிறைவேறிய தீர்மானங்களையும் எளிய தமிழில் இந்தப் பகுதியில் வரிசையாகப் போட்டுவிடுகிறேன். எடிட்டரிடம் சொல்லியாகிவிட்டது. “யார் படிப்பாங்க?” என்றார். பிறகு, “சரி, போடு” என்றார்.

நேற்று ராத்திரி சித்திக்கு போன் செய்து, அந்த 16 பக்கக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த சித்தி வீடியோ இன்னும் வெச்சிருக்கியா கண்ணு? அனுப்பு, இன்னொரு தடவை பாக்கறேன்” என்றார். அனுப்பினேன். ஹார்ட் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது.

“வர்ற வாரமும் மூணு நாள்தானாம். அடுத்து மாநாடு எங்கன்னு சொல்லு. தீர்மானம் என்னன்னு எனக்கும் அனுப்பு.”