குலுக்கலுக்குக் கொடுத்த காசு



மலைப்பயணம் என்றால் கொடைக்கானலுக்கோ உதகைக்கோ பேருந்தில் சென்று, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, தைலப் புட்டி ஒன்று வாங்கிக்கொண்டு திரும்புவதே நம்மில் பலருக்கும் பழகிப்போன வழக்கம். சென்ற தைத் திங்கள் விடுமுறையில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார் வேறொரு மலையைத் தேர்ந்தெடுத்தனர். சாலையே இல்லாத மலைக்கு ஜீப்பில் ஏறுவது இளைஞர்களின் விருப்பம். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்த பெரியவர்களும் ஈற்றில் உடன் கிளம்பினர். இப்பகுதியை எழுதும் நாமும் அவர்களுள் ஒருவர். மொத்தம் பதினெட்டுப் பேர். மூத்தவர் எழுபத்தொரு வயதுப் பாட்டியம்மா, இளையவள் ஒன்பது வயதுச் சிறுமி.

சென்ற இடம் கொழுக்குமலை. தேயிலை விளையும் இம்மலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அதற்கு வண்டிப்பாதை கிடையாது. குரங்கணியிலிருந்து ஏறும் கால்நடைப் பாதை ஒன்றே உண்டு. சக்கரத்தின்மேல் செல்ல விரும்புவோர் போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துள் நுழைந்து, பூப்பாறை வழியே சூரியநெல்லியை அடைய வேண்டும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றபோது நாம் நம்பவில்லை. நம் வீட்டுச் சொந்த மலைக்கு அண்டை வீட்டு வாசல் வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறதே என்று பாட்டியம்மா வியந்தார்.

விடியற்காலை நான்கரை மணிக்கு மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. வண்டிக்கு ஆறு பேர். எங்கள் வண்டியின் ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டியம்மாவை முன்னிருக்கையில் நம்மோடு அமர்த்திவிட்டு, "அம்மா, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடம்பை விறைப்பாக வைக்காதீர்கள். பேசிக்கொண்டும் வராதீர்கள், நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள்" என்றார். பாட்டியம்மா ஒன்றரை மணி நேரம் மௌனமாக இருந்ததை நாம் கண்டது அன்றுதான்.

தேயிலைச் செடிகளுக்கிடையே செல்லும் அப்பாதையைப் பாதை என்பதே மிகை. ஆற்றுப்படுகையைத் தூக்கிச் சரிவில் சாய்த்து வைத்ததுபோல் உருண்டைக் கற்கள், இடையிடையே மழைநீர் அறுத்த பள்ளங்கள். விளக்கொளியில் இருபதடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, தெரியாததே நல்லதாயிற்று.

இத்தகைய இடத்தில் ஜீப் ஏறுவது எவ்வாறு என்பதை அவ்விளைஞர் பின்னர் விளக்கினார். சாதாரணக் காரில் இரு சக்கரங்களே எஞ்சினால் சுழற்றப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பள்ளத்தில் தொங்கிவிட்டால் வண்டி நின்றுவிடும். ஜீப்பிலோ கியர்க் கம்பியின் அருகே சிறு கம்பி இன்னொன்று உண்டு. அதை இழுத்தால் முன் சக்கரங்களும் எஞ்சினோடு இணைந்து நான்கும் சேர்ந்து இழுக்கும். மேலும் ஒரு நிலைக்குத் தள்ளினால் வேகம் குறைந்து இழுப்பு வலிமை பெருகும். மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி கல்லேறும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் இறுகிக் கற்களின்மேல் வழுக்கும். ஆகவே சிறு கியரில் விட்டு, எஞ்சினையே கடிவாளமாக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென ஆக்கப்பட்டு, ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்து குவிக்கப்பட்ட வண்டியின் வழிவந்தது இது. போர் முடிந்தபின் எத்தனையோ நாடுகளின் மலைத்தோட்டங்களில் அதற்கு வேலை கிடைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த அவருடைய கட்டைவிரல்கள் வளையத்துக்குள் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும் கவனித்தோம். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சுழன்று கட்டைவிரலை ஒடித்துவிடுமாம்.

பாதி வழியில் எங்கள் வண்டி நின்றது. பின்னே இரண்டு வண்டிகளின் விளக்கு தெரிய வேண்டும், ஒன்றுதான் தெரிந்தது. ஓட்டுநர் சக்கரத்தின்கீழ் கல் வைத்துவிட்டு இருளில் நடந்து இறங்கினார். மூன்றாம் வண்டியின் டயரைக் கூரிய கல் ஒன்று கிழித்திருந்தது. சூரியோதயத்துக்கு நேரமாகிறதே என்று இளைஞர்கள் பொறுமையிழந்தனர். அவர்கள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நாம் விரும்பவில்லை. "இவ்வளவு காசு கொடுத்தது உதயத்தைக் காணத்தானே, நாம் முன்னே போகலாமே" என்று கேட்டது நாம்தான். "ஐயா, அந்த வண்டியின் ஜாக்கி பழுது. என் ஜாக்கிதான் அங்கே கிடக்கிறது" என்றார் அவர். அதற்குமேல் பேச நமக்கு ஒன்றுமில்லை.

உச்சியை அடைந்தபோது கதிரவன் ஒரு முழம் ஏறிவிட்டான். ஆனால் காணாமற்போனது கொஞ்சமே. 7,000 அடிக்கும் மேற்பட்ட அவ்விடத்தில் நின்று கிழக்கே நோக்கினால், தேனிச் சமவெளி முழுவதையும் மேகம் வெள்ளைக் கடலாக மூடியிருந்தது. வாய் பிளந்த விலங்கின் தலைபோல ஒரு பாறை அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே போடியில் அப்போது பால்காரர் மணியடித்துக்கொண்டிருப்பார், மேலே சூரியன் வந்ததை அறியாமல்! சிறுமி, "இதன்மேல் நடக்கலாமா?" என்று கேட்டாள்.

ஓட்டுநர் சரிவொன்றைச் சுட்டிக்காட்டினார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அந்தப் பக்கத்தில்தான். புல் காய்ந்த காலத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால் தீயை முந்தி ஓட மனிதக் காலால் இயலாது. கோடை தொடங்கிவிட்டால் காலையில் எழுந்ததும் காற்றை முகர்ந்து பார்ப்பது தம் வழக்கமாகிவிட்டது என்றார். படம் பிடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிறிது நேரம் கைகளைத் தாழ்த்திக்கொண்டனர்.

தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தும் பழைய முறையைக் கண்டோம். சூடான தேநீர் குளிருக்கு அமுதமாக இருந்தது.

திரும்பும் வழியில்தான் இப்பகுதியை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி நேர்ந்தது. தோட்டத்து லயத்தின் அருகே ஒரு தாய், போர்வை சுற்றிய ஆறு வயதுப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "நீங்கள் வாடகை கொடுத்த வண்டி, ஐயா. ஏற்றிக்கொள்ளலாமா?" என்றார். நாம் விடை சொல்லுமுன் பாட்டியம்மா நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார். பின்னிருக்கையில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன் இறங்கி நடந்தான்.

அதன்பின் அதே வண்டி, அதே பாதை. ஆனால் அது வேறு பயணம். ஓட்டுநர் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தை வைத்தார். பள்ளத்தின் விளிம்பில் வண்டியை ஏறத்தாழ நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டவர்போல் இறக்கினார். இறங்கி நடந்த மாணவன் எங்களுக்கு முன்னேயே போய்க்கொண்டிருந்தான். அப்படியும் ஒவ்வொரு குலுக்கலிலும் பையன் முனகினான். "ஏறும்போது இவ்வளவு மெதுவாக வரவில்லையே, தம்பி?" என்றார் பாட்டியம்மா. அவர் சற்றுத் தயங்கி, "பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள், அம்மா. அதற்காகத்தானே வருகிறார்கள்? கொஞ்சம் குலுக்கித்தான் ஓட்டினேன்" என்றார்.

அந்தத் தாய் அதுவரை பேசவில்லை. இப்போது சொன்னாள்: "இவன் வயிற்றில் இருக்கும்போது வலி கண்டு இந்த வழியாகத்தான் இறங்கினேன். ரோடு போட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம்."

நாம் ஓட்டுநரைப் பார்த்தோம். சாலை வந்துவிட்டால் அவரவர் தம் காரிலேயே மலையேறிவிடுவர். ஜீப்பை யார் வாடகைக்கு எடுப்பர்? அவருக்கு வண்டிக்கடன் இன்னும் முடியவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அவருடைய தாயும் இதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இதே கற்களின்மேல் சுமையோடு நடந்தவர். சூரியநெல்லியில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கற்களே சோறு போடுகின்றன. லயத்தில் வாழ்பவர்களுக்கோ இவையே நோயின்மேல் நோய். இவ்விருவர்க்கும் இடையில் நாம் காசு கொடுத்து வாங்கியது என்ன என்று எண்ணிப் பார்த்தோம். பாதை கெட்டுக் கிடப்பதைத்தான் வாங்கியிருக்கிறோம். சீரான சாலையாயின் நாமும் வந்திருக்க மாட்டோம்.

சாலை வேண்டும் என்பதே நம் எண்ணம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதைச் சொல்வதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பின்னாலிருந்த ஒருவன் கேட்டேவிட்டான்: "அண்ணா, ரோடு வரட்டும் என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா?"

முன்னே செங்குத்தான இறக்கம். அவர் சிறு கம்பியைப் பிடித்து ஒரு நிலை கீழே தள்ளினார். எஞ்சின் உறுமியது. விடை சொன்னாரோ என்னவோ, எங்கள் செவிக்கு எட்டவில்லை.

சூரியநெல்லியில் அந்தத் தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவர் கையை அசைத்து மறுத்துவிட்டு, அங்கு நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டார். பாட்டியம்மா தம் கம்பளிச் சால்வையைப் பையன்மேல் போர்த்தியவர், ஆட்டோ புறப்பட்ட பின்னும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஊர் திரும்பும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தார். இடுப்புவலி எங்கள் எல்லாருக்கும் நான்கு நாள் இருந்தது.