ஆண்டவரிடம் எதைக் கேட்பது?

அரசுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் பள்ளிச் சிற்றாலயத்தில் மண்டியிட இடம் கிடைப்பது அரிது. மற்ற நாள்களில் அந்தப் பக்கம் எட்டியும் பாராத மாணவியர்கூட அப்போது வந்துவிடுவர். பேனாவைப் பீடத்தில் வைத்து எடுப்போர் சிலர். வேளாங்கண்ணிக்கு மெழுகுதிரி நேர்ந்துகொள்வோர் சிலர். இதைக் கண்டு நகைக்கும் ஆசிரியைகளும் உண்டு. நான் நகைப்பதில்லை. நானும் அப்படி மண்டியிட்டவளே. ஆயினும், எதைக் கேட்கிறோம் என்று சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும் என எனக்கு உணர்த்தியது ஒரு மழை இரவு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று பின்னால் அறிந்தோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் உள்ளது எங்கள் பொழிச்சலூர். மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் போயிற்று. ஆற்றையொட்டிய விமான நிலையமே நீரில் நின்றது. எங்கள் வீட்டுக்கு வாசற்படிகள் ஐந்து. மூன்றாம் படிக்கு நீர் ஏறியதும் அனைவரும் அமர்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினோம். என் மன்றாட்டு ஒன்றே ஒன்றுதான்: எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது. நான்காம் படியை நனைத்துவிட்டு நீர் நின்றது.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் கண்ணீரோடு நன்றி செலுத்தினேன். பார்த்தவரிடமெல்லாம் இந்தப் புதுமையைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மட்டும் சொல்ல நாவெழவில்லை. அவருடையது பழைய ஓட்டு வீடு. சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, அவர் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. அங்கே நீர் மார்பளவு. இருட்டில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து அவரைத் தூக்கிச் சென்றதால் பிழைத்தார். நாங்கள் போகவில்லை. நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நீர் வடிந்தபின் ஒரு நாள், சேறு படிந்த பித்தளைக் குடங்களை வாசலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “நானும் ராத்திரி பூரா அகத்தீஸ்வரரைத்தாம்மா வேண்டிக்கிட்டேன். உங்க வீட்டுக்குள்ள வரலையாமே?” என்றார். அதில் குறையும் இல்லை, பொறாமையும் இல்லை. எனக்குத்தான் பதில் இல்லை. என் வீட்டை நினைத்த ஆண்டவர் அடுத்த வீட்டை மறந்துவிட்டாரா? ஐந்து படி வைத்துக் கட்டப் பணம் இருந்தவர்களை மட்டும் காப்பவரா அவர்? அன்று முதல் அந்தப் புதுமையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்து வில்லிவாக்கத்துக்கு இரயில் வந்தது. கோவில்களில் யாகம், பள்ளிவாசல்களில் தொழுகை, நம் ஆலயங்களில் மன்றாட்டு. முன்பு மழையை நிறுத்தும் என்று கெஞ்சிய நாமே, இப்போது மழையைத் தாரும் என்று கெஞ்சினோம். நானும் வாயால் மழையைத்தான் கேட்டேன். ஆனால் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருமுனையைப் பார்த்தபோது மனம் கேட்டது வேறு: லாரி எங்கள் தெருவுக்கு முதலில் வரட்டும்!

சிரிக்காதீர்கள் மாணவியரே. வகுப்பில் முதலிடம் வேண்டும் என்ற செபம் இந்த லாரிச் செபத்தின் தங்கைதான். முதலிடம் ஒருத்திக்கே கிடைக்கும். அதைக் கேட்பவள், பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் தோழிக்கு அது கிடைக்க வேண்டாம் என்றும் சேர்த்தே கேட்டுவிடுகிறாள். செபதேயுவின் மக்கள் கேட்டதும் இதுவே. ஒருவனுக்கு வலப்புறம், மற்றவனுக்கு இடப்புறம். மத்தேயு நற்செய்தியில் அவர்களுடைய தாயே வந்து கேட்கிறாள். (இதை உங்கள் அன்னையரிடம் காட்ட வேண்டாம்.) தாங்கள் கேட்பது இன்னதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்றார் ஆண்டவர்.

அப்படியானால் ஞானம், பக்தி, பொறுமை போன்றவற்றை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டுமா? நன்கு கற்றவர் சிலர் அவ்வாறு கூறுவர். நான் இசையமாட்டேன். அன்றாட உணவைக் கேட்கச் சொன்னவர் இயேசுவே. எரிகோ சாலையில் கூவியழைத்த பார்வையற்றவனிடம், என்ன வேண்டும் என்று கேட்டு, அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். கெத்சமனித் தோட்டத்தில், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று தந்தையிடம் தாமே கேட்டார். பிறகுதான் தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்தார். வரிசையைக் கவனியுங்கள். அச்சத்தை மறைத்துக்கொண்டு அவர் செபிக்கவில்லை. ஆகவே வெள்ளத்துக்கு அஞ்சினால் அஞ்சுகிறேன் என்றே சொல்லலாம். கணக்குத் தேர்வுக்கு அஞ்சினாலும் அவ்வாறே.

கி.பி. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த புரோபா என்ற செல்வக்குடிக் கைம்பெண், செபத்தில் எதைக் கேட்பது என்று புனித அகுஸ்தீனாரை நாடினார். அவர் எழுதிய பதில் மிக நீண்டது. அதன் சாரம் இது: நலமான வாழ்வைக் கேள், நேர்மையாக விரும்பத்தக்க எதையும் கேள், எந்தச் சொற்களால் செபித்தாலும், முறையாகச் செபித்தால், ஆண்டவர் கற்பித்த செபத்தில் அடங்காத ஒன்றையும் நீ கேட்கமாட்டாய். இதைப் படித்தபின் அந்தச் செபத்தை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அதில் ‘என்’ என்ற சொல்லே இல்லை. உணவும் எங்களுக்கு, மன்னிப்பும் எங்களுக்கு, மீட்பும் எங்களுக்கு. சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான முறை சொல்லியும் இது என் காதில் விழுந்ததில்லை. அன்றிரவு செபமாலையின் ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்பு ‘எங்கள்’ என்று சொல்லிக்கொண்டு, உள்ளே ‘என்’ என்றே நினைத்திருந்தேன்.

நம் பகுதியின் பரங்கிமலைக்கு உரிய திருத்தூதர் தோமாவைச் சந்தேகக்காரர் என்றே பெயரிட்டுவிட்டோம். எனக்கென்னவோ, பன்னிருவருள் துணிவான மன்றாட்டு அவருடையது என்றே படுகிறது. அவர் வேண்டியது உயிர்த்த ஆண்டவரின் காயங்களைக் காணவும் தொடவும்தான். அந்த மழை இரவில் நானும் அதைக் கேட்டிருந்தால், சன்னலைத் திறந்து அடுத்த வீட்டைப் பார்த்திருப்பேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரவும் பகலும் மழை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று இந்த முறையும் கேட்டேன்; அதை மறைப்பானேன்? கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாட்டி ஒரு துணி மூட்டையையும், ரேஷன் அட்டையையும், சாமி படத்தையும் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு எங்கள் கூடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அந்தப் படமும் இருந்தது. நாங்கள் செபமாலை சொன்னோம். மூன்றாம் பத்துமணி முடிவதற்குள் பாட்டி தூங்கிவிட்டார்.