பழைய இலவச லேப்டாப்பில் லினக்ஸ்: ஏற்றினால் மட்டும் போதுமா? எங்கிருந்து சாஃப்ட்வேர் எடுக்கிறோம் என்பது ஏன் முக்கியம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் பழையவை பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் போன்ற கரிசல் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை. தீப்பெட்டி ஆலைக்கும் மானாவாரிக் காட்டுக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில், அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப்பில்தான் தம்பியும் படிக்கிறான். புதுசு வாங்க வழியில்லாதபோது பலரும் சொல்வது, "லினக்ஸ் போட்டுக்கோ". சரி, போட்டால் மட்டும் போதுமா?

பாஸ் லினக்ஸ் நினைவிருக்கிறதா?

அந்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொன்றும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் 'டெபியன்' லினக்ஸ்தான் இதற்கு அடிப்படை. பல மாணவர்கள் அதைத் திறந்துகூட பார்க்கவில்லை. அதில் சாஃப்ட்வேர் நிறுவும் முறை வேறு என்பது ஒரு காரணம்.

பேக்கேஜ் என்றால் என்ன?

விண்டோஸில் ஆளுக்கொரு இணையதளத்திலிருந்து சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்வது வழக்கம். டெபியனில் எல்லாம் ஒரே கிடங்கில் இருக்கும். 'ரெப்பாசிட்டரி' என்பது இதன் பெயர். 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-ல் சுமார் 69,800 பேக்கேஜ்கள் உள்ளன.

'ஏபிடி' என்ற கருவிதான் கணக்குப்பிள்ளை. ஒரு சாஃப்ட்வேர் கேட்டால், அது ஓடத் தேவையான துணை பேக்கேஜ்களையும் சேர்த்து இறக்கும். எது, எந்தப் பதிப்பு, யாருக்காக வந்தது என எழுதி வைக்கும். பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு:

• 'ஏபிடி அப்டேட்': பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், எதையும் நிறுவாது.
• 'ஏபிடி அப்கிரேடு': புதிய பதிப்புகளை உண்மையில் ஏற்றும்.
• 'ஏபிடி ஆட்டோரிமூவ்': யாருக்கும் தேவைப்படாத துணை பேக்கேஜ்களை நீக்கும்.

முதல் கட்டளையோடு நிறுத்திவிட்டு 'அப்டேட் பண்ணியாச்சு' என்று நினைத்தால், ஓட்டை அப்படியே இருக்கும்.

விதைப் பையின் நீல அட்டை

புரட்டாசி விதைப்புக்கு உளுந்தோ பாசிப்பயறோ வாங்கும் விவசாயி, சான்று விதைப் பையில் நீல அட்டையைப் பார்ப்பார். ரகம், குவியல் எண், செல்லுபடி காலம் எல்லாம் அதில் இருக்கும். ரெப்பாசிட்டரியிலும் இப்படி ஒரு டிஜிட்டல் கையெழுத்து உண்டு. வழியில் யாராவது கை வைத்திருந்தால் ஏபிடி எச்சரிக்கும், நிறுவ மறுக்கும்.

ஆனால் ஏதோ ஒரு தளத்திலோ பென் டிரைவிலோ வந்த பேக்கேஜை நேரடியாக நிறுவினால் இந்தச் சோதனை இல்லை. நிறுவும்போது அது முழு அட்மின் அதிகாரத்தோடு ஓடும். பிறகு அதற்கு அப்டேட்டும் தானாக வராது.

அட்டை இருந்தால் போதுமா?

போதாது என்று 2024 மார்ச்சில் தெரிந்தது. 'எக்ஸ்இசட்' என்ற சிறிய பேக்கேஜின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு வைக்கப்பட்டிருந்தது. வெளியாள் திருட்டுத்தனமாக நுழைத்தது அல்ல. பராமரிப்புப் பொறுப்பில் இருந்த கணக்கிலிருந்தே வந்தது. லாகின் ஆக சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர்தான் கண்டுபிடித்தார்.

டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது நுழைந்துவிட்டது. பொதுமக்கள் பயன்படுத்தும் 'ஸ்டேபிள்' பதிப்பைத் தொடவில்லை. புதியதை உடனே ஏற்காமல் காத்திருக்கும் வழக்கம்தான் காப்பாற்றியது.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் படங்கள், சான்றிதழ்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள்.
2. லேப்டாப்போடு வந்த பழைய பாஸ் லினக்ஸை அப்படியே நம்ப வேண்டாம். லினக்ஸுக்கும் செல்லுபடி காலம் உண்டு. டெபியனில் ஒரு பதிப்புக்கு 3 ஆண்டு வழக்கமான ஆதரவு, பிறகு 2 ஆண்டு நீட்டிப்பு. அதோடு சரி.
3. 64-பிட் கணினியா என்று பாருங்கள். டெபியன் 13-ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது.
4. 'ஸ்டேபிள்' பதிப்பையே தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை அப்டேட், அதைத் தொடர்ந்து அப்கிரேடு.
5. கிடங்கில் இருக்கும் சாஃப்ட்வேரை வெளியே தேடாதீர்கள்.

விண்டோஸா, லினக்ஸா என்பது இரண்டாவது கேள்விதான். உள்ளே வருவது எங்கிருந்து வருகிறது, அதை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால், அலமாரியில் கிடக்கும் லேப்டாப் இன்னும் சில வருஷம் படிப்புக்கு உதவும்.