லேத் முனகுதா? காது கொடுங்க!

கோவை கணபதி, பீளமேடு பக்கம் போனால் லேத் பட்டறைகளைப் பார்க்கலாம். பல இடங்களில் முதலாளியே டர்னர். ஒருநாள் மெஷின் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அதனால்தான் புதுசாக ஒரு சத்தம் கேட்டாலும், ‘இந்த ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று ஓட்டுகிறார்கள். பெல்ட் மாற்றினால் தீர வேண்டிய வேலை ஸ்பிண்டில் வரை போவது இப்படித்தான்.

எப்போது கத்துகிறது?

முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். டூல் ஜாப்பைத் தொடும்போது மட்டும் கிறீச்சிட்டு, ஜாப்பில் அலை அலையாகக் கோடு விழுந்தால் அது அதிர்வு. டூல் அதிகமாக வெளியே நீட்டியிருக்கலாம், முனை மழுங்கியிருக்கலாம். டூலை உள்ளே தள்ளிப் பிடியுங்கள். நீளமான ஜாப்புக்கு டெயில் ஸ்டாக் கொடுங்கள். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

வெறுமனே ஓடும்போதும் கத்துகிறதா? மெயின் சுவிட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு மோட்டாரில். வராவிட்டால் பெல்ட், கியர், பேரிங் என்று வரிசையாகத் தேடலாம்.

சத்தம் சொல்லும் சேதி

* ஸ்டார்ட் செய்ததும் ‘கிறீச்’: பெல்ட் தளர்ந்திருக்கலாம். இரண்டு, மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றாமல் மொத்தமாக மாற்றுங்கள்.
* சீராக ‘டக்... டக்...’: கியரில் பல் உடைந்திருக்கலாம். எண்ணெயில் இரும்புத்துகள் மின்னுகிறதா பாருங்கள்.
* கரகரப்போடு சூடும் ஏறினால்: பேரிங். கிரீஸ் குறைந்தாலும் சூடாகும், அளவுக்கு மீறித் திணித்தாலும் சூடாகும்.
* த்ரீ ஃபேஸ் மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்றால்: ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். உடனே அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும்.

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை, சுற்றாத பேரிங் கூட்டின் மேல் வைத்துப் பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். சுற்றும் பாகத்தின் பக்கம் போகவே கூடாது. தொளதொள சட்டை, கையுறை, தொங்கும் செயின் எதுவும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் இருப்பது காதுக்கு ஆபத்து. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தப் பட்டறையில் காதடைப்பான் கட்டாயம் தேவை.

பட்டறைக்குப் போகிறவர் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? ‘என்ன சொன்னே?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? கேலி செய்யாமல் காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தேய்ந்த பேரிங்கை மாற்றிவிடலாம். இரைச்சலில் போன கேட்கும் திறன் திரும்பி வராது.